தண்ணியில்லாக் காட்டோரம் பவளப்பாறை எப்படி வந்தது?

கேள்வி: ஒத்தக்கடை வாசகர், 5 மே 2024

லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போயிருந்தோம். பாம்பன் பக்கம் படகில் ஏற்றிப் பவளப்பாறை காட்டினார்கள். திரும்பி வரும்போது பரமக்குடி தாண்டியதும் மகள் ஆரம்பித்துவிட்டாள்: "சென்னையிலயும் இதே கடல்தானேப்பா, மெரினாவுல மட்டும் ஏன் இல்ல?" வெயில் அடிக்கிற கடலில் பவளம் வளரும் என்று படித்த ஞாபகம். அப்படியானால் பூமத்திய ரேகையை ஒட்டிய எல்லாக் கரையிலும் இருக்க வேண்டும் அல்லவா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

5 மே, இரவு

வெயில் வேண்டும், ஆனால் வெயில் மட்டும் போதாது. உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். பவளப்பாறைகளில் பெரும்பகுதி வடக்கே 30 பாகைக்கும் தெற்கே 30 பாகைக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதுவரை நீங்கள் படித்தது சரி. அந்தப் பட்டைக்குள்ளேயே வெறுமையாகக் கிடக்கும் கரைகளையும் பாருங்கள். தென்னமெரிக்காவில் பெரு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை ஏறக்குறைய முழுவதும். நம் பக்கம் நாகப்பட்டினத்தில் தொடங்கி வங்காளம் வரை நீளும் கிழக்குக் கரை.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகை. பெருவின் லிமா தெற்கே 12 பாகை. இரண்டு ஊரிலும் பவளப்பாறை கிடையாது. காரணம் மட்டும் வேறு வேறு. லிமாவில் குளிர். சென்னையில் மணலும் வண்டலும் ஆற்று நீரும். மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

6 மே, காலை

அடிப்படையிலிருந்து வருகிறேன். பாறை என்கிறோம், அதைக் கட்டுவது ஓர் உயிர். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவு, மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். கடல் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கு அடியில் கிண்ணமாகக் கட்டிக்கொள்ளும். அதன் உடலுக்குள் நுண்பாசி ஒன்று இருக்கிறது, வாடகைக்குக் குடியிருப்பவரைப் போல. இடமும் பாதுகாப்பும் பவளம் தரும். பாசி வெயிலில் சமைத்து, சமைத்ததில் பெரும்பங்கை வாடகையாகக் கொடுத்துவிடும். பவளத்துக்கு வேண்டிய சத்தில் 90 சதவீதம் வரை இப்படி வருகிறது.

இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்துதான் எல்லா நிபந்தனையும் வருகிறது. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே ஆழம் கூடாது. பாறையாகக் கட்டி எழுப்பும் பவளங்கள் பெரும்பாலும் 50 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில்தான் வாழ்கின்றன. நீர் கலங்கினால் வெளிச்சம் போச்சு, ஆகவே சேறு ஆகாது. குளிர்காலத்திலும் நீர் 18 டிகிரிக்குக் கீழே போய்விடக் கூடாது. 23 முதல் 29 வரை இருந்தால் அதற்கு மிகவும் பிடிக்கும். உப்பும் குறையக் கூடாது, ஆற்று நீர் அதிகம் கலந்தால் செத்துவிடும். ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தரையும் வேண்டும். புரளும் மணலில் குஞ்சுப் பவளம் நிற்காது.

இன்னொரு நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீரில் உரச்சத்து குறைவாக இருக்க வேண்டும். சத்து கூடினால் பெரிய பாசிகள் மளமளவென்று வளர்ந்து பவளத்தை மூடிவிடும்.

6 மே, மாலை

"மீன் கொழிக்கிற கடல்தானே நல்ல கடல், அங்கே பவளமும் செழிக்க வேண்டாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். பெரு கடலில் நெத்திலி வகை மீன் லட்சக்கணக்கான டன் பிடிபடுகிறது. உலகத்தில் ஒரே மீன் வகையை அவ்வளவு பிடிக்கும் இடம் வேறு இல்லை. அங்கே பவளப்பாறை இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

அங்கே காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. விலகிய இடத்துக்கு அடிக்கடலிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அடியில் மக்கிக் கிடந்த சத்தெல்லாம் அதோடு ஏறி வருகிறது. மிதவைப் பாசி பெருகும், அதைத் தின்ன நெத்திலி பெருகும். குளிரும் கலங்கலும் பவளத்துக்கு ஆகாது. மீனவருக்கு வரமான அந்த நீரில் பவளம் பிழைக்காது.

நம் கேரளக் கரையிலும் தென்மேற்குப் பருவத்தில் சிறிய அளவில் இதே சங்கதிதான். மத்தி, அயிலை அள்ளிக்கொண்டு வருவார்கள். போதாததற்கு மலையிலிருந்து இறங்கும் அத்தனை ஆறும் சேறும். கரையோரம் சொல்லிக்கொள்ளும்படி பவளப்பாறை இல்லை. அங்கிருந்து 200 முதல் 400 கி.மீ. தள்ளி, லட்சத்தீவில், கண்ணாடி மாதிரி தண்ணீரில் முழுக்க முழுக்கப் பவளத் தீவுகள்.

8 மே

மேற்குக் கரை, கிழக்குக் கரை என்று பிரித்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். கண்டங்களின் மேற்குக் கரையை ஒட்டிக் குளிர் நீரோட்டங்கள்: தென்னமெரிக்காவுக்கு ஹம்போல்ட், தென்னாப்பிரிக்கா, நமீபியாவுக்கு பெங்குவேலா, வடஆப்பிரிக்காவுக்கு கனாரி, வடஅமெரிக்காவுக்கு கலிபோர்னியா. இவை துருவப் பக்கத்துக் குளிரைப் பூமத்திய ரேகை வரை கொண்டுவந்து சேர்க்கின்றன. கலாபகோஸ் தீவுகள் பூமத்திய ரேகையின் மேலேயே இருக்கின்றன, அங்கே பென்குயின் வாழ்கிறது. பவளம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். இருந்ததிலும் பெரும்பகுதி 1982-83 எல் நினோ வெப்பத்தில் போய்விட்டது.

கிழக்குக் கரைகளில் நேர்மாறு. வெதுவெதுப்பான நீர் பூமத்திய ரேகையிலிருந்து கிளம்பி மேலே போகிறது. வளைகுடா நீரோட்டத்தின் தயவில் அட்லாண்டிக்கில் பெர்முடா தீவு 32 பாகை வடக்கில் பவளப்பாறை வைத்திருக்கிறது. குரோஷியோ நீரோட்டம் ஜப்பான் வரை கொண்டுபோகிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்கே லார்ட் ஹாவ் தீவு தெற்கே 31 பாகையைத் தாண்டி நிற்கிறது. பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2,300 கி.மீ. நீளத்துக்குப் படுத்திருப்பதும் அதே கிழக்குக் கரையில்தான்.

பெர்முடா நம் பஞ்சாபின் லூதியானாவையும் தாண்டி வடக்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் அந்த நீரோட்டத்தின் வலிமை புரியும்.

9 மே

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். மேற்குக் கரை என்றாலே குளிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் நிங்கலூ என்று அருமையான பவளத்திட்டு இருக்கிறது, சில இடங்களில் கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம். அதற்கும் தெற்கே ஹௌட்மன் அப்ரோல்ஹோஸ் தீவுகள், 28 பாகைக்கு மேல். அங்கே லூவின் என்ற வெந்நீரோட்டம் இந்தோனேசியப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறது. மற்ற மேற்குக் கரைகளில் நீரோட்டம் பூமத்திய ரேகையை நோக்கி ஏறும், இங்கே மட்டும் விலகி இறங்குகிறது. நீர் வந்த வழியைப் பார்த்தால் பவளம் இருக்குமா, இருக்காதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

11 மே

சலாலாவில் வேலை பார்க்கும் மேலூர்க்காரர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "அண்ணே, நம்ம ஊர் பாகையை விடக் கொஞ்சம்தான் மேலே இருக்கேன். ஜூலையில கடல்ல கால வச்சா சில்லுன்னு இருக்கு. மலையெல்லாம் பச்சை, எந்நேரமும் மேகமூட்டம். இங்கேயும் அதே கதையா?"

அதே கதைதான் தம்பி. தென்மேற்குக் காற்று ஓமன் கரையை ஒட்டி அடித்து மேல்நீரை வெளியே தள்ளுகிறது, அடிக்குளிர் மேலே வருகிறது. உங்கள் ஊர் மேகமூட்டத்துக்கும் அந்தக் குளிர்ந்த கடல் ஒரு காரணம். அங்கே பவளமும் பெரிய கடற்பாசிகளும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பவளம் தனியாகத் திட்டுக் கட்டும் அளவுக்கு வளராது. அங்கிருந்து செங்கடலுக்குள் நுழைந்துவிட்டால் நிலைமை தலைகீழ். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடச் செங்கடலில் விழுவதில்லை. சுற்றிலும் பாலைவனம். உப்பு சராசரிக் கடலை விடக் கூடுதல். தண்ணீர் தெளிவோ தெளிவு. அகபா வளைகுடாவில் 29 பாகை வடக்கு வரைக்கும் பவளம் செழித்திருக்கிறது.

பாலைவனத்தை ஒட்டிப் பவளம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்துக்கு வரும்போது வேண்டும்.

14 மே

இது கொஞ்சம் சொந்தக் கதை. என் அப்பா காளவாசல் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சூளையில் கணக்கு எழுதினார். கிளிஞ்சல் மூட்டைகளோடு சில நாள் லாரியில் கடல்கல்லும் வந்து இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் குவியலில்தான் விளையாடுவோம். சில கல் தலையணை அளவு இருக்கும், தூக்கினால் எதிர்பார்த்த எடை இருக்காது. ஈரக் கல்லில் கவிச்சி அடிக்கும். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கப் பூப்பூவாகக் குழி. ஒவ்வொரு குழியும் மிளகு அளவு. குழிக்குள்ளே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள், நகத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். பவளத்தில் அந்தத் தடுப்புகள் ஆறின் மடங்காக அமையும் என்பதை மிகப் பிற்பாடு படித்தேன்.

கல்லையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுச் சுடுவார்கள். வெந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் உஸ்ஸென்று கொதித்து மாவாக உதிரும். ஊரில் வீடுகளுக்கு வெள்ளையடித்தது அந்த மாவில்தான்.

உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அந்தத் தலையணை அளவுக் கல்லுக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று இப்போது கணக்குப் போடும்போது மனசு பதறுகிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் என்று இன்றைக்கும் எழுதுகிறோம். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். அலையைத் தாங்கிய திட்டு போனது, பின்னாலேயே மணல் தீவும் கரைந்தது. 1986-இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதன் பிறகும் வெட்டு உடனே நின்றுவிடவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, தங்கள் ஊரைக் காத்தது எது என்று கரையோர மக்களே பேச ஆரம்பித்த பின்தான் ஓய்ந்தது.

கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தைக்கூட எடுத்துவந்து ஷோகேஸில் வைக்காதீர்கள். அதற்கும் இதே சட்டம்தான்.

15 மே

இப்போது ராமநாதபுரம். வேலையில் இருப்பவரை மிரட்ட நம்மூரில் என்ன சொல்வார்கள்? "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடுதான் நம் பவளத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

வைகை எங்கே கடலில் கலக்கிறது என்று மதுரைக்காரரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். வருசநாட்டு மலையில் கிளம்பி, தேனி, மதுரை, சிவகங்கை தாண்டி, கண்மாய் கண்மாயாக நிரப்பி, ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. மிஞ்சினால் அழகன்குளம் அருகே ஆற்றங்கரையில் பாக் விரிகுடாவைத் தொடும். சிவனுக்கு நஞ்சைக் கொடுத்தது கடல், அதன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வைகை கடலைச் சேருவதில்லை என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அது கொண்டுவரும் வண்டல் நம் வயலிலும் கண்மாயிலும் தங்கிவிடுகிறது. தெற்கே குண்டாறும் வைப்பாறும் மழை பெய்தால் ஓடுகிற ஆறுகள். ஆண்டு முழுக்க ஓடும் தாமிரபரணி புன்னைக்காயலில் கலக்கிறது, தீவுச் சங்கிலி அதற்கு வடக்கே தூத்துக்குடியோடு முடிந்துவிடுகிறது. மழை குறைவு, வெயில் அதிகம், அடியில் பழைய மணற்பாறையும் சுண்ணாம்புப் பாறையும், வங்கக் கடலின் பேரலையை மறைக்க இலங்கை. பவளத்துக்கு வேறென்ன வேண்டும்?

கோடியக்கரையைத் தாண்டுங்கள். காவிரி டெல்டா. அப்புறம் கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி. உச்சியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு 100 கோடி டன் அளவில் வண்டல் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, உப்புக் குறைந்த அந்த நீரைச் சென்னை வழியாக இழுத்துக்கொண்டு வருகிறது. மெரினாவில் இதோடு மணலும் ஓயாமல் கரையோரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பவளக் குஞ்சு எதைப் பற்றிக்கொண்டு வளரும்?

15 மே, பின்னிரவு

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை நண்பர் எழுதுகிறார்: "முதுகுளத்தூரில் போட்டார்கள் என்று மூன்று வருஷம் புலம்பினேன். பவளக் கடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை தோறும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போயிருப்பேனே!" இப்போதும் போகலாம் சார், வாடைக் காலத்தில் போங்கள். எந்தப் பக்கம் என்று அடுத்து எழுதுகிறேன்.

19 மே

கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர் கண்டிப்பாக எழுதியிருக்கிறார்: "தெளிந்த நீர், தெளிந்த நீர் என்கிறீர்கள். ஆடிக்காற்றில் எங்கள் கடலை வந்து பாருங்கள். முழங்கால் தெரியாது."

அவர் சொல்வது முழு உண்மை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கலங்கிவிடும், பாக் விரிகுடா அமைதியாக இருக்கும். வாடை வந்ததும் மாறிவிடும். ராமேஸ்வரத்தில் ஆண்கடல், பெண்கடல் என்று சொல்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். லட்சத்தீவின் தெளிவு நமக்கு எந்த மாதமும் கிடையாது. நம் பவளம் எல்லையில் வாழ்கிற பவளம், கலங்கலைப் பொறுத்துக்கொள்ளும் வகைகள்தான் இங்கே அதிகம்.

ஒரு தை மாதம் கண்ணாடித் தளம் வைத்த படகில் போனபோது இதை நேரில் பார்த்தேன். ஆள் உயர ஆழத்தில் தட்டுத் தட்டாக ஒரு பவளம். விளிம்பு மட்டும் வெளிறி இருந்தது, புதிதாக வளரும் இடம் அதுதான், பாசி இன்னும் குடியேறவில்லை. தட்டின் நடுப்பள்ளத்தில் வண்டல் படிந்திருந்தது. அதன் மேல் சளி மாதிரி வழவழப்பான ஒரு படலம். பவளம் அந்தச் சளியைச் சுரந்து, வண்டலைச் சுருட்டி, நீரோட்டத்தில் வழித்து விடுகிறது. அதற்கும் சக்தி செலவாகும். ஓரளவு சேற்றை இப்படித் துடைத்துக்கொள்ளும். இழுவை மடி போட்டு அடித்தரையைக் கிளறினாலோ, சாக்கடை கலந்து பாசி பெருகினாலோ துடைத்து மாளாது.

கட்ச் வளைகுடாப் பவளமும் இப்படித்தான், குளிர்காலக் குளிர், பெரிய ஏற்ற இறக்க அலை, கலங்கல் எல்லாவற்றையும் தாங்குகிறது. பிரேசிலின் அப்ரோலோஸ் கரையிலும் கலங்கலுக்குப் பழகிய பவளங்கள் இருக்கின்றன. ஆகவே நான் முதலில் எழுதிய நிபந்தனைகளைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பவளத்திட்டு எங்கே செழிக்கும் என்பதற்கு அவை பொருந்தும். எங்கே பிழைத்துக் கிடக்கும் என்பதற்கு ஊருக்கு ஊர் தனிக் கணக்கு.

23 மே

"தெற்கு ஆவணி மூல வீதியில் பவள மோதிரம் வாங்கினேன். அது ராமேஸ்வரத்துப் பவளமா?" என்று கேட்கிறார் ஒரு அம்மா. இல்லை அம்மா. நகையில் வைக்கும் செம்பவளம் வேறு இனம், பரம்பரையாக மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்து டோரே டெல் கிரேக்கோ அதை அறுத்து மெருகேற்றுவதற்குப் பேர்போன ஊர். ஜப்பான், தைவான் பக்கத்திலும் அதன் உறவுக்காரப் பவளங்கள் உண்டு. செம்பவளத்துக்குள் பாசி குடியிருப்பதில்லை. ஆகவே வெயிலும் வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில், குகை ஓரங்களில், குளிர்ந்த நீரில் வளரும். பாறையாகத் திட்டுக் கட்டாது, சிறு செடி உயரம்தான். நம் தீவுப் பவளத்தை அறுத்தால் உள்ளே வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு, குழிகள் நிறைந்தது. மோதிரத்துக்கு ஆகாது.

பாசி இல்லாத பவளத்தால் திட்டே கட்ட முடியாதா என்று அடுத்த கேள்வி வரும். முடியும். நார்வே கரையில் ரோஸ்ட் என்ற இடத்தில் 300, 400 மீட்டர் ஆழத்தில், இருட்டில், குளிரில் 35 கி.மீ. அளவு நீளும் பவளத்திட்டு இருப்பதை 2002-இல் கண்டார்கள். அவை மிதந்து வரும் உணவைப் பிடித்துத் தின்று வாழ்கின்றன, வளர்ச்சி மிக மெதுவு. இந்த இழை முழுக்க நான் பேசுவது வெயிலை நம்பி வாழும் பவளத்தைப் பற்றி.

2 ஜூன்

லட்சத்தீவு பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள். நடுக்கடலில், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், 50 மீட்டருக்குக் கீழே வாழ முடியாத உயிர் எப்படி வளையம் கட்டியது?

சார்லஸ் டார்வின் 1836-இல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளைப் பார்த்தார். 1842-இல் தன் விளக்கத்தை வெளியிட்டார். முதலில் ஓர் எரிமலைத் தீவு. அதன் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது. அமிழும் வேகத்துக்கு ஈடாகப் பவளம் மேலே மேலே கட்டுகிறது. கடைசியில் மலை மறைந்துவிடும், வளையம் மட்டும் நிற்கும். கேட்டவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நூறு ஆண்டுக்கும் மேல் வாதம் நடந்தது. 1952-இல் பசிபிக்கின் எனிவேடாக் வளையத்தீவில் துளை போட்டபோது, 1,200 மீட்டருக்கும் மேல் சுண்ணாம்பைத் தாண்டிய பிறகு எரிமலைப் பாறை வந்தது. ஆழமற்ற நீரில் மட்டும் வாழும் பவளம் அவ்வளவு தடிமனுக்குக் கட்டியிருக்கிறது என்றால் அடித்தரை இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் அதே எனிவேடாக்கில் முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்து ஒரு தீவை இல்லாமல் ஆக்கினார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது.

லட்சத்தீவும் மாலத்தீவும் எரிமலைத் தொடர் ஒன்றின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய அதே வெப்பப் புள்ளியின் மேலே நம் நிலத்தட்டு நகர்ந்தபோது விழுந்த தழும்பு அந்தத் தொடர். அந்தப் புள்ளி இப்போது ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது.

பவளம் ஈடுகொடுக்க முடியாத இடமும் உண்டு. ஹவாய்த் தீவுத் தொடரில் 28 பாகையில் இருக்கும் குரே கடைசி வளையத்தீவு. நிலத்தட்டு வடமேற்கே இழுத்துக்கொண்டு போகப் போக நீர் குளிர்கிறது, வளர்ச்சி மந்தமாகிறது, அமிழ்வது முந்திக்கொள்கிறது. அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் மூழ்கிய மலைகள்.

அந்தமான், நிக்கோபாரில் தரை ஏறுவதும் இறங்குவதும் ஒரே நாளில் நடந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமான் பக்கம் கடற்தரை உயர்ந்து, பவளத்திட்டுகள் தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் காய்ந்து செத்தன. நிக்கோபார் பக்கம் தரை இறங்கியது.

16 ஜூன்

பவளத்தில் உலகத்துக்கே தலைநகரம் எது? இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், திமோர் லெஸ்தே ஆகியவை சேர்ந்த முக்கோணம். ஏறத்தாழ 600 வகை, உலகப் பவள வகைகளில் முக்கால்வாசி. ஆயிரக்கணக்கான தீவு, ஆழமற்ற கடல், இரண்டு பெருங்கடலின் உயிர்களும் வந்து கலக்கும் இடம்.

கரீபியன் கடல் முழுக்கத் தேடினாலும் 70 வகை அளவுதான் தேறும். நம் மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகை கெட்டிப் பவளம் பதிவாகியிருக்கிறது! சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பாலம் மூடியதும் கரீபியன் பசிபிக்கிலிருந்து துண்டானது. பிறகு வந்த குளிர்யுகங்களில் அழிந்ததை ஈடுகட்ட வெளியிலிருந்து வரத்து இல்லை.

இன்னொன்றும் நம்மில் பலருக்குத் தெரியாது. உலகப் பவளத்திட்டு ஆய்வாளர்களின் பன்னாட்டு மாநாட்டு வரிசையில் முதலாவதாகக் கணக்கிடப்படுவது 1969-இல் நம் மண்டபத்தில் நடந்த கூட்டம். ரயிலில் மண்டபம் முகாம் என்று பலகை பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

7 ஜூலை

வெளுப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. வழக்கமான கோடை உச்சத்தை விடக் கடல் நீரின் வெப்பம் ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் கொடுத்தது பாசிதான், ஆகவே வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பாசி மறுபடி சேரும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் இது நடந்தது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெருவெளுப்பு என்று அறிவித்தார்கள். லட்சத்தீவில் அந்த மே மாதமே கடுமையாக வெளுத்தது.

பாரசீக வளைகுடாப் பவளம் 34, 35 டிகிரியைத் தாங்குகிறதே என்று சலாலாத் தம்பி கேட்டார். தாங்குகிறது, பல்லாயிரம் ஆண்டாகப் பழகியது. நம் பவளத்துக்கு அந்த அவகாசம் இல்லை.

21 ஜூலை

ஒத்தக்கடைக்காரர் மறுபடி வந்திருக்கிறார்: "கடல் சூடானால் பவளம் குளிர்ந்த இடம் பார்த்து வடக்கே நகர்ந்துவிடாதா?"

ஜப்பானில் நகர்கிறது. 1930-களிலிருந்து இருக்கும் பதிவுகளை ஒப்பிட்டதில் சில வகைகள் ஆண்டுக்கு 14 கி.மீ. வரை வடக்கே போயிருக்கின்றன. அங்கே மேலே போகப் போகப் பாறைக் கரையும் தெளிந்த நீரும் கிடைக்கிறது. ஆனாலும் ஓர் எல்லைக்கு மேல் குளிர்காலப் பகல் குறுகிவிடும், பாசிக்கு வெளிச்சம் போதாது.

நமக்கு அந்த வழியே இல்லை. பாக் விரிகுடாவில் தொண்டியைத் தாண்டினால் சேற்றுத் தரையும் கடற்புல்லும். கோடியக்கரைக்கு அப்பால் காவிரி. தெற்கே தாமிரபரணி. தூத்துக்குடியில் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி வளர்த்துப் பழைய திட்டுகளில் நடுகிறார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். குருசடைப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்துவிட்ட வெளிநாட்டுக் கடற்பாசியை ஆள் வைத்துக் கையால் பிடுங்குகிறார்கள். பிடுங்கியதில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி தழைத்துவிடும் என்பதால் அந்த வேலை ஒரு பருவத்தோடு முடிவதில்லை.